ஏழாவது உருப்படி

அவர் ஒரு குடை வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் விலை கேட்காமல் வாங்கமாட்டார். தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில், இருபத்திரண்டு வருட வேலை. போல்ட்டு, கிரீஸ், கழிப்பறைக்குப் பினாயில், எதுவானாலும் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, கோடு போட்ட தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, குறைந்ததை வட்டமிட்டு மேலே அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'மூணு கொட்டேஷன்' என்றாகிவிட்டது. கேட்டால் கோபப்படமாட்டார். பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் ஏன் மூணு கொட்டேஷன் வாங்கலை?" என்று அவர் மனைவி அவ்வப்போது சீண்டுவாள்.

"ஒரே ஒரு சப்ளையர்கிட்ட மட்டும் கிடைக்கிற சரக்குக்குக் கொட்டேஷன் வேண்டாம்மா. ரூல்லயே இருக்கு."

இந்தப் பதிலுக்காகவே அவள் கேட்பாள். பதினெட்டு வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, மருந்தை எடுத்து, வயதானவர்களுக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவாள். "இந்த வெள்ளை மாத்திரை காலைல ஒண்ணு, இந்த மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க!" வெண்கலக் குரல். தெருவில் போகிறவர்களுக்கும் யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும் என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் காது மந்தமானவர்கள் எல்லாரும் அவள் நிற்கும் பக்கமாகவே வந்து வரிசை கட்டினார்கள்.

ஒரு நாள் 'மாத்திரை' என்ற சொல்லில் அவள் நாக்கு வழுக்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் அதே சொல். மாதக் கடைசியில் ஒருவர், "என்னம்மா, பல் ஏதாவது பிடுங்கினியா?" என்று கேட்டார்.

நான்கு பரிசோதனைகளுக்குப் பிறகு நரம்பு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். இவளுக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. முதலில் பேச்சு போகும். கை, கால் எல்லாம் அதற்குப் பிறகு. மருந்து வேகத்தைத்தான் குறைக்கும். வெளியே வந்ததும் கணவர் மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார். அவள் அதை வாங்கிப் பிரித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"முந்நூறு வாக்கியம் இருக்கு. அக்கா அதைப் படிச்சுப் பதிவு பண்ணணும். ஒரு புரோகிராம் அந்தக் குரலைக் கத்துக்கும். பின்னாடி பேச முடியாதப்ப அக்கா டைப் அடிச்சா, கம்ப்யூட்டர் அக்கா குரல்லயே பேசும்."

"என் குரல்லயேவா?" என்றாள் இவள்.

"உங்க குரலேதான்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அப்படி நிமிர்ந்ததில்லை.

இந்த வேலையைச் செய்துகொடுக்கும் கம்பெனிகள் வருடா வருடம் பெரிய தொகை கேட்கும். வீட்டிலேயே செய்தால் புரோகிராம் இலவசம், ஆனால் வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். ரெடிமேடாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பாகங்களாக வாங்கிப் பூட்டினால் பாதி விலைக்கு முடிக்கலாம். அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒன்று, பிராசசர். இரண்டு, மதர்போர்டு. மூன்று, ரேம். நான்கு, டிஸ்க். ஐந்து, கிராபிக்ஸ் கார்டு. ஆறு, பவர் சப்ளையும் கேபினெட்டும். ஏழு, மைக்.

"தள்ளிப் போடாதீங்க சார். ரெண்டு மாசமோ மூணு மாசமோ, உறுதியா சொல்ல முடியாது. குரல் நல்லா இருக்கும்போதே படிச்சு முடிச்சுடணும்."

"ஒரு மாசத்துல முடிச்சுடறேன்மா," என்றார் அவர்.

அன்று மாலையே புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். ஏழு வரிசை, மூன்று கடைக்கு மூன்று கட்டம். அலுவலகத்தில் பழசு என்று கழித்துக் கட்டியபோது வாங்கி வந்திருந்த லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து விலைகளைத் தேட ஆரம்பித்தார். அது ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கவும் ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம் எடுத்துக்கொள்ளும்.

அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அதை அவள் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வாள். கையிலிருந்தது அவள் சேமநிதியில் வந்த தொகை மட்டும்தான். அவளுக்கு வேலையும் போயாகிவிட்டது. இனி வரப்போகும் செலவு என்னென்ன என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசவில்லை. அந்தத் தொகைக்குள் குறையில்லாத மெஷின் வேண்டும் என்று அவர் கிடந்து உழன்றார். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னதற்கு, "அதுல கை வெச்சா மொத்தமும் புகைஞ்சு போயிடும், எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து வந்துவிட்டார். மானிட்டர் வேண்டாம், கூடத்து டி.வி.யிலேயே இணைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். மிச்சமான பணத்தில் சத்தமில்லாத ஃபேன்.

"ஃபேன் இரைஞ்சா உன் குரல் கெட்டுடும்," என்றார்.

ஏழாவது வரிசைக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "உனக்கெதுக்கு மைக்? நீ இங்க பேசினா பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல பதிவாகுமே."

"ரொம்பத்தான்!" என்று அவள் சொன்னாள். 'ரொ' கொஞ்சம் தடித்து வந்தது. இருவரும் கவனித்தார்கள்.

"மொத்தமா ஒரே கடையில எடுத்தா மைக்கை இனாமா அடிச்சுடலாம். அதுக்கு விலையே கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, அந்த வரிசையில் மூன்று கட்டத்திலும் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் கடைத்தெருவுக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழேயெல்லாம் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பலகைகள், தரையில் வெட்டிப்போட்ட அட்டை, ஸ்டூல் மேல் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கும் ஆட்கள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நெரிசலில் வழி உண்டாக்குவார். கல்யாணமான புதிதில்கூட அப்படி அவளைப் பிடித்து நடந்தவர் இல்லை. அப்போது இரண்டு பேருக்கும் வேலை, அலைச்சல், வீட்டுக் கடன். இப்போது வாரா வாரம் மூன்று கடை, பிறகு மூலையில் ஒரு காபி. "அந்த மதர்போர்டுல ரேம் போட நாலு இடம் இருக்கு, கவனிச்சியா?" என்று கண் விரியச் சொல்வார். அவளுக்கு ஒன்றும் புரியாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது கடையை நடத்தியவள் நாற்பது வயதுப் பெண். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பாள். எதற்காக இந்த மெஷின் என்று முதல் சனிக்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தார்கள். விலை சொல்வதற்கு முன்பே, "என்ன சார், மத்த ரெண்டு கடையும் முடிச்சுட்டுத்தானே வர்றீங்க?" என்பாள்.

ஐந்தாவது சனிக்கிழமை எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, கிராபிக்ஸ் கார்டைத் தவிர.

"புது மாடல் வருது சார். வந்ததும் இது விலை விழும், நாலுல ஒரு பங்கு விழும்," என்றாள் கடைக்காரி. "அவசரம்னா பழசு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

"கேரண்டி?"

"பழசுக்கு ஏதுங்க கேரண்டி? ஓடற வரைக்கும் ஓடும்."

"அது வேண்டாம். பாதியில படுத்துடுச்சுன்னா இவ குரல் அதோட போயிடும்." அவர் மனைவியைப் பார்த்தார். "ரெண்டு வாரம் காத்திருக்கலாமா?"

"மத்த சாமானையாவது இப்பவே எடுத்துட்டுப் போங்களேன் சார்."

"ஆர்டரைப் பிரிக்கக் கூடாதும்மா. எங்க ஆபீஸ்ல அது வேலை போற குத்தம். பிரிச்சா பேரம் போயிடும்."

அவர் கேட்டதற்கு மனைவி சரியென்று தலையாட்டினாள். வேண்டாம், இன்றைக்கே வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று காலை குளிக்கும்போது முந்நூறு வாக்கியத் தாளிலிருந்து சிலவற்றைச் சொல்லிப் பார்த்திருந்தாள். 'கதவைத் திறந்து வையுங்கள்.' 'எனக்கு வலது பக்கம் வலிக்கிறது.' பத்தில் எட்டு சரியாக வந்தது. நேரம் இருக்கிறது என்று தோன்றியது. அதைவிடவும் ஒரு காரணம் இருந்தது, அதை அவள் தனக்குள்ளேகூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த நோட்டு நிரம்பிவிட்டால் சனிக்கிழமைகள் முடிந்துவிடும். பிறகு வீட்டில் நோய் மட்டும்தான் இருக்கும்.

இரண்டு வாரம் நான்கானது. புது மாடல் வரவில்லை, வருகிறது, வரவில்லை. அவர் தினமும் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "இன்னிக்கு ஆயிரம் இறங்கியிருக்கு மகராணி!" என்று கூவுவார். அவள் கட்டை விரலை உயர்த்துவாள். பேசுவதைவிட அது சுலபமாகிவிட்டிருந்தது. தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போது புரையேற ஆரம்பித்தது.

ஒன்பதாவது வாரம், "எப்போங்க?" என்று ஒரு முறை கேட்டாள். அதற்கே இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பயமா இருக்கா? நாளைக்கே போய் முழு விலைக்கு வாங்கிடவா? சொல்லு."

அவர் கை நோட்டின் மேல் இருந்தது. கட்டங்களெல்லாம் சிவப்பிலும் நீலத்திலும் மணி மணியான எழுத்து. அவள் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

பதினோராவது சனிக்கிழமை விலை விழுந்தது. கடைக்காரி சொன்னபடியே நாலில் ஒரு பங்கு. அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஏழு உருப்படியும் மேஜை மேல் வந்தன. கடைக்காரி கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, பெட்டிகளைப் பிரித்துப் பூட்ட ஆரம்பித்தாள். கார்டைச் சொருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் மனைவியின் தோளைத் தொட்டு, "உட்கார்ந்துடுச்சு," என்றார்.

"மைக் இனாம்தானே?" என்று சிரித்தார்.

"உங்ககிட்ட தப்பிக்க முடியுமா சார்? எடுத்துக்குங்க." கடைக்காரி சின்னப் பெட்டி ஒன்றைத் தள்ளினாள். "அக்காவோட பதிவெல்லாம் முடிஞ்சுதா? எத்தனை வாக்கியம் சொன்னீங்க, முந்நூறா?"

"இனிமேதான். மெஷினே இப்பத்தானே வருது."

கடைக்காரியின் கை நின்றது. "பதிவுக்கு எதுக்கு சார் இந்த மெஷின்? இது குரலைக் கத்துக்கறப்பத்தானே வேணும். பதிவு பண்றதுக்கு இந்த மைக்கை எதுல வேணாலும் சொருகலாமே. தினம் விலை பார்ப்பீங்களே, அந்த லேப்டாப் போதும்."

பக்கத்துக் கடையில் யாரோ அட்டைப் பெட்டியை மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள் கடைக்காரி. "பதிவு பண்ணிட்டுத்தான் இதுக்கு அலையறீங்கன்னு நினைச்சேன்."

அவர் சின்னப் பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தனியா என்ன விலை?"

கடைக்காரி சொன்னாள். ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்து போகும் டாக்சிக் கூலியைவிடக் குறைவு.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைத் திறந்து, ஏழாவது வரிசையில் அந்த விலையை எழுதினார். கோடு இழுத்திருந்த இடத்தின் மேலேயே எழுதினார். ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. ஜன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி வைத்தார். டி.வி. திரையில் முதல் வாக்கியம் வந்தது: 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது.' அவள் படித்தாள். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. திரையில் சிவப்புக் குறி. 'தெளிவாக இல்லை. மறுபடி படிக்கவும்.' மறுபடி படித்தாள். சிவப்பு. ஐந்தாவது முறை பச்சை வந்தபோது அவர் கைதட்டினார்.

மெஷின் உண்மையிலேயே நல்ல மெஷின். ஃபேன் ஓடுவதே தெரியவில்லை. அறையில் அவள் மூச்சிரைப்பது மட்டும்தான் கேட்டது.

நான்கு நாட்களில் பதினோரு வாக்கியங்கள் பச்சையாயின. ஐந்தாம் நாள் ஒன்றுகூட ஆகவில்லை. அவர் தன் செல்போனை எடுத்துத் தேடினார். அவர் கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் போனில் குரல் செய்தி அனுப்புவாள். சோப்பு மறந்துடாதீங்க, குடை எடுத்தீங்களா, வர்றப்ப பால். வருடத்துக்கு நூறாவது இருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, இடம் அடைக்கிறது என்று இரண்டு பேர் போனிலும் அவர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். ஏழு வருடமாகப் புது போன் வாங்காமல் ஓட்டுகிறேன் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

மருந்துக் கடை முதலாளிக்குப் போன் செய்தார். "அவ பேசினது ஏதாவது, கேமராவுல கீமராவுல..."

"கேமராவுல படம்தான் சார் இருக்கும். சத்தம் பதியாது."

பேச்சுப் பயிற்சிப் பெண் வீட்டுக்கே வந்தாள். பதினோரு வாக்கியத்தையும் கேட்டாள். அவரைத் திட்டவில்லை. தாளைத் தானே இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்றாள். "இதை வெச்சுக் கத்துக்க வெச்சா, இதே மாதிரிதான் குழறிப் பேசும் சார். யாருக்கும் புரியாது. ரெடிமேட் குரல் ஏதாவது ஒண்ணு வெச்சுக்கறதுதான்."

அந்தப் பெண் போன பிறகு அவர் மேஜையில் நோட்டின் முன் உட்கார்ந்திருந்தார். அவள் அருகே வந்து, நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினாள். 'நானும் அவசரப்படலை. சீக்கிரம்னு சொல்லியிருக்கலாம். அந்தச் சனிக்கிழமை எல்லாம் எனக்குப் பிடிச்சிருந்தது.'

அவர் படித்தார். அது அவருக்கு ஆறுதலாகும் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் மூடிய நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியும்," என்றார். "உன் முகத்தைப் பார்த்தே தெரியும். அதனாலதான் இன்னும் ரெண்டு வாரம், இன்னும் ரெண்டு வாரம்னு..."

ஞாயிற்றுக்கிழமை ரெடிமேட் குரலைப் பொருத்தினார்கள். பெண் குரலில் மூன்று இருந்தன. ஒன்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. ஒன்று சிறுபெண். ஒன்று, வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கிறவள் மாதிரி. மூன்றும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் காட்டின. அவர் மூன்றையும் கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரால் எதையும் வட்டமிட முடியவில்லை.

"நீயே சொல்லும்மா," என்று எழுந்து சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறந்துவிட்டார்.

அவள் முதல் குரலைத் தேர்ந்தெடுத்தாள். கொஞ்சம் உரத்த குரல் அது. விசைப்பலகையை மடியில் வைத்து, விரல்களால் தேடித் தேடி அடித்தாள். அவரைப் பதினெட்டு வருடமாக அவள் கூப்பிட்டுவரும் ஒரே சொல்.

"என்னங்க," என்றது டி.வி.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகு திரும்பியே இருந்தது. சத்தத்தைக் கூட்டி, மறுபடி அழுத்தினாள்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த தட்டைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவள் மூன்றாவது முறையும் அழுத்தினாள்.

"டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்மா," என்றார் அவர், திரும்பாமலே. "நீ கூப்பிட்டா எனக்குக் கேக்காது."

அவள் குறைத்தாள்.